உங்க போன் வீடியோவைச் சுருக்கும் கணக்கு: யார் இந்த ஃபூரியர்?

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் எடுத்த குடும்ப வீடியோ போனில் இடத்தை அடைக்குதா? அதைச் சுருக்கும் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ஜோசப் ஃபூரியர்.

1768இல் பிரான்சில் தையல்காரர் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் சிறைக்குப் போனார், நெப்போலியனுடன் எகிப்துக்கும் போனார். திரும்பியதும் கிரெனோபிளில் நம்ம ஊர் கலெக்டர் மாதிரி வேலை. அந்த வேலைக்கு நடுவேதான் வெப்பம் பரவுவதை ஆராய்ந்தார். சிக்கலான வடிவத்தையும் எளிய அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1807இல் சொன்னார். கணித மேதை லாக்ராஞ்சே ஒத்துக்கவே இல்லை. 1812இல் பரிசு கிடைத்தது, கூடவே நிரூபணம் போதாது என்ற குறையும். புத்தகம் வர 1822 ஆனது. 1830இல் பாரீசில் இறந்தார்.

அவர் வழியில் வந்ததுதான் டிசிடி முறை. நசீர் அகமது (பெங்களூருக்காரர்), டி.நடராஜன், கே.ஆர்.ராவ் மூவரும் 1974இல் வெளியிட்டது. படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளாகப் பிரிக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண்ணிய அலைகளைக் கழித்துவிட, ஃபைல் சுருங்கும். ரொம்பச் சுருக்கினால் ஏரித் தண்ணீரின் சிற்றலை மழுங்கிப்போவது இதனால்தான்.

எடிட்டிங்குக்காகப் பெரிய ஃபார்மேட்டுக்கு மாற்றினால் டைம்லைன் திக்காமல் ஓடும், ஃபைலும் பெருசாகும். ஆனா கழிந்த அலை திரும்பாது. சுருக்கும் முன் ஒரிஜினலை ஹார்ட் டிஸ்கில் ஏத்திடுங்க.