வ.உ.சி.யும் அவருடைய வக்கீல் சன்னதும்



வ.உ.சி. என்றதும் உங்களுக்குக் கப்பல்தான் நினைவுக்கு வரும். ஆலம்பரைக் கோட்டையில் நின்று கடலைப் பார்க்கும் கடப்பாக்கத்துக்காரர்களுக்கு அது இயல்புதான். ஆனால் அவர் பிழைப்புக்கு நம்பியது வக்கீல் தொழிலை.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். 1895-ல் சொந்த ஊரிலேயே தனியாகத் தொழில் தொடங்கினார். ஏழைகளுக்குப் பீஸ் வாங்காமலே வாதாடினார். போலீஸ் போட்ட வழக்குகளை உடைத்தார். அதனால் பகை வளர்ந்தது. 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினார். யாருக்காக வாதாடலாம், யாருக்கு வேண்டாம் என்று சொல்ல மேலே ஒரு முதலாளி இல்லை. தனி வக்கீலுக்குப் பணத்தைவிடப் பெரிய வருமானம் அதுதான்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமையோடு குடும்பம் நடத்தினார்.

பல ஆண்டுகள் கழித்து, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வெள்ளையரை எதிர்த்துச் செக்கிழுத்தவர், அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். பிறகு கோவில்பட்டியில் மீண்டும் தொழில் செய்தார். பெரிய சொத்து சேரவில்லை.

1936 நவம்பர் 18 அன்று காலமானார். வரும் நவம்பர் 18 அன்று, உங்கள் பிள்ளைகளுக்குக் கப்பல் கதையோடு இந்தச் சன்னதுக் கதையையும் சொல்லுங்கள்.