உ.வே.சா. தேர்ந்த வழி

உ.வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். பிழைப்பின் பொருட்டு அரியலூரிலும், இன்றைய பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலும் குடும்பத்தோடு தங்கினார். ஆங்கிலம் கற்றால் உத்தியோகம், வடமொழி கற்றால் மதிப்பு, இசை கற்றால் குலத்தொழில் என்பது அக்காலத்து ஊரார் கணக்கு. தமிழுக்கு அதில் இடமில்லை.

சிறுவரின் உள்ளமோ தமிழையே நாடிற்று. அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகையும் பயின்றார். அவற்றை இயற்றிய பவணந்தியாரும் அமிதசாகரரும் நம் சமயச் சான்றோர் அல்லரோ! 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரானார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். இல்லை என்பதே விடை. ஊரார் கணக்கை மீறியவரையும் புலவர் உலகத்துக் கணக்கு கட்டியிருந்தது; அந்தாதியும் புராணமுமே அங்குப் புலமைக்கு அளவுகோல். அதனையும் அவர் கடந்தார். கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடிச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறிற்று. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறையுமுன் சங்கநூல்கள் பலவும் வெளிவந்திருந்தன.

இன்று மதிப்பெண்ணாலும் ஊதியத்தாலும் நம் பிள்ளைகளை அளக்கிறோம். உலகம் மறந்த நூலை நம் முன்னோர் இல்லங்களில் ஓதிக் காத்தனர். அவர்களுக்குப் பட்டமும் பொருளும் யார் தந்தனர்? பிள்ளையின் உள்ளம் நாடுவது யாதெனக் கேட்டறிந்தபின் அளவுகோலை எடுப்போமாக.