ஹைதர் அலியும் தீர விசாரித்தலும்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் 1755 ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பௌஜ்தாராக வந்தமர்ந்தவர், பின்னாளில் அவ்வரசையே கைக்கொண்ட ஹைதர் அலி. அவருடைய சரித்திரத்தில் போர்களும் வெற்றிகளும் பல. ஆயினும், மனிதன் தன் கண்ணையும் உள்ளுணர்வையும் எத்துணை நம்பலாம் என்னும் வினாவுக்கு அதிற் கிடைக்கும் விடையே மாணவர் சிந்தித்தற்கு மிக உரியது.

ஹைதர் எழுதப் படிக்க அறியார். 1749 இல் தேவனஹள்ளி முற்றுகையிற் காட்டிய வீரத்தால் மந்திரி நஞ்சராஜரின் நன்மதிப்பைப் பெற்றார். தம் கணக்குகளையெல்லாம் காண்டே ராவ் என்னும் பிராமணரிடம் ஒப்புவித்தார். திண்டுக்கல்லில் இருந்தபோது பழனி, விருப்பாட்சிப் பாளையக்காரரை அடக்கினார்; பிரெஞ்சுத் தொழிலாளரை வருவித்துப் படைக்கலச் சாலையும் அமைத்தார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை வில்க்ஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியுள்ளார். போரிற் காயமுற்ற வீரருக்கு அரசாங்கம் உதவிப் பணம் அளிப்பது வழக்கம். ஒரு போரிற் காயமுற்றோர் 67 பேரே. பார்வையிட வந்த அதிகாரிக்கோ, மஞ்சள் தோய்த்த துணியால் கைகால் கட்டப்பட்ட 700 பேர் காட்டப்பட்டனர். அவர் அனைவரையும் காயமுற்றோராகவே கொண்டார். கண் கண்டது துணியை; மனம் கண்டது புண்ணை.

பிறரை இவ்வாறு மயக்கியவர் தாம் மயங்காதிருந்தாரா? அதுவும் இல்லை. காண்டே ராவ் தம்முடைய ஆள் என்பதில் ஹைதருக்கு ஐயமே எழவில்லை. நெடுநாட் பழக்கம் விசாரணையை வேண்டாததாக்கிற்று. 1760 ஆகஸ்டு மாதத்தில் அந்தக் காண்டே ராவே அரச குடும்பத்தாருடன் சேர்ந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே ஹைதரின் பாசறைமீது பீரங்கிகளைத் திருப்பினார். ஹைதர் குடும்பத்தையும் விட்டு, இரவோடிரவாகப் பெங்களூருக்கு ஓடினார்.

மறு ஆண்டில் நஞ்சன்கூட்டருகே மீண்டும் தோற்ற ஹைதர், நஞ்சராஜரை அடைக்கலம் புகுந்தார். பின்னர், காண்டே ராவைப் பிடித்துக் கொடுக்க அவருடைய சேனைத் தலைவர்கள் முன்னமே இசைந்தனர் என்று தோன்றும்படி, நஞ்சராஜர் பெயராற் பொய்க் கடிதங்கள் எழுதுவித்து, அவை காண்டே ராவின் கையிலேயே அகப்படுமாறு செய்தார். எசமானுக்குத் துரோகம் செய்த நெஞ்சம், பிறரும் தமக்குத் துரோகம் செய்வர் என்று நம்ப ஆயத்தமாக இருந்தது. தலைவரில் ஒருவரையேனும் அழைத்து வினவாமல் காண்டே ராவ் குதிரையேறி ஓடினார். தலைவனிழந்த சேனை சிதறியது. மைசூர் ஹைதர் வசமாயிற்று. காண்டே ராவ் எஞ்சிய நாளை இரும்புக் கூண்டிற் கழித்தார்.

1782 டிசம்பர் 7 ஆம் நாள் சித்தூருக்கு அருகே பாசறையில், முதுகிற் கண்ட கட்டியால் ஹைதர் இறந்தார். திப்பு மலையாள நாட்டினின்று வந்து சேரும்வரை மந்திரிகள் மரணத்தை மறைத்தனர். உடல் பொக்கிஷப் பெட்டிபோற் கோலாருக்கு அனுப்பப்பட்டது. அரசர் உயிரோடிருப்பதாகவே பாசறையிற் பெரும்பாலோர் எண்ணியிருந்தனர்.

இதனால் உள்ளுணர்வு பயனற்றது என்பது கருத்தன்று. போர்க்களத்தில் ஹைதரைப் பன்முறை காத்தது அதுவே. ஆனால் அது நாம் எதிர்பார்ப்பதையே நமக்குக் காட்டும் இயல்புடையது. பிறரை ஏமாற்றும் வழியறிந்தவரையும் அது ஏமாற்றிற்று. அதிகாரி ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். ஹைதர் கணக்கை மற்றொருவரிடம் காட்டியிருக்கலாம். காண்டே ராவ் ஒரு தலைவரை வினவியிருக்கலாம். நன்கறிந்தோம் என்று நெஞ்சம் உறுதி கூறும் வேளையே விசாரணைக்குரிய வேளை என்பதை மாணவர் மறவாதிருத்தல் நலம்.