முன்வாசலும் கொல்லைப்புறமும்

அமெரிக்கக் குடியரசின் ஏழாவது தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1767-ல் எளிய குடியில் பிறந்தவர். பிறக்குமுன் தந்தையை இழந்தார். பதினான்கு வயதில் தாயையும் இழந்தார். 1815-ல் நியூ ஆர்லியன்சில் பிரிட்டிஷ் படையை முறியடித்து நாடறிந்த வீரரானார்.

1828 தேர்தலில் வென்றார். அவர் பதவியேற்குமுன், பழைய தலைவர் ஆடம்ஸ் உச்சநீதிமன்றத்திற்குக் கிரிட்டெண்டன் பெயரை அனுப்பினார். ஜாக்சன் அணியினர் 1829 பிப்ரவரியில் அதனைச் செனட்டில் முடக்கினர். செனட்டின் ஒப்புதல் உரிமை அன்று அவர்களுக்குக் கேடயம்!

ஆட்சி கைக்கு வந்தது. கேடயம் என்னவாயிற்று?

1833-ல் தேசிய வங்கியிலிருந்து அரசுப் பணத்தை அகற்றத் துணிந்தார் ஜாக்சன். நிதிமந்திரி டுவேன் மறுத்தார், விலக்கப்பட்டார். செனட் கூடாத காலத்தில் ரோஜர் டானி அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார். டிசம்பரில் செனட் கூடியது. டானியின் பெயர் வரவில்லை. 1834 ஜூனில்தான் வந்தது. 28-க்கு 18 என்று செனட் நிராகரித்தது. பயன்? பணம் இடம் மாறிவிட்டது, வேலை முடிந்துவிட்டது!

சட்டத்தை அவர் மீறவில்லை. செனட் கூடாதபோது காலியிடம் நிரப்ப அரசியல் சட்டமே இடந்தருகிறது. ஆனால் அவசரத்துக்கு வைத்த கொல்லைக் கதவு அது. மன்றத்தை ஏய்க்க வைத்ததல்ல.

1836-ல், ஆள்பலம் மாறிய செனட்டின் ஒப்புதலோடு, அதே டானி தலைமை நீதிபதியானார். 1845-ல் ஜாக்சன் மறைந்தார். அவர் நுழைந்த கொல்லைப்புறம் மறையவில்லை. எதிர்வரிசையில் இருக்கையில் மன்றத்தின் மாண்பு பேசி, அரியணை ஏறியதும் அதனை மறப்போரை மக்கள் அடையாளம் காணட்டும்!