பியானோ வாசிக்கத் தெரியாத பெர்லியோஸ்

எக்டோர் பெர்லியோஸுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தன்னை இசையமைப்பாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவருக்கு இது பெரிய குறை. பலரும் பியானோவின் முன் அமர்ந்து இசையை உருவாக்கி, பிறகுதான் அதை வயலினுக்கு இவ்வளவு, குழலுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொடுத்தார்கள். பெர்லியோஸிடம் இருந்தவை ஒரு புல்லாங்குழலும் ஒரு கிட்டாரும்தான். அதனால் அவர் நேரடியாக வாத்தியக்குழுவிலேயே யோசித்தார். ஒரு மெட்டு அவருக்குள் தோன்றும்போதே அது எந்த வாத்தியத்தின் குரலில் ஒலிக்கவேண்டும் என்பதும் சேர்ந்தே தோன்றியது. இன்றைய திரைப்பட இசை வரை நாம் கேட்டுப் பழகிய பல ஒலிகளின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1803 டிசெம்பர் 11ஆம் திகதி பிரான்ஸின் தென்கிழக்கில் லா கோட் சென் ஆந்த்ரே என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை ஊரறிந்த வைத்தியர். மகனும் வைத்தியராக வேண்டும் என்று 1821இல் பாரிஸுக்கு அனுப்பினார். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையில் கேட்டாலும் சொல்வார்கள். பிணங்களை அறுக்கும் அறைக்குள் முதல்நாள் நுழைந்தவர், யன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டார். பிறகு திரும்பிப்போய்ச் சில காலம் படித்தார் என்பது உண்மைதான். ஆனால், மாலையில் ஒபேராவிலும் பகலில் இசைக் கல்லூரியின் நூலகத்திலும் கிடந்தவருக்கு வைத்தியம் எங்கே ஏறும்? தந்தை பணத்தைக் குறைத்தார். மகன் ஒரு நாடக அரங்கின் கோரஸில் பாடிச் சாப்பிட்டார்.

வாத்தியங்களை அவர் கற்றுக்கொண்ட முறை ஒரு செய்தியாளர் தகவல் திரட்டும் முறைதான். ஒபேராவுக்குப் போகும்போது இசைச்சுவடியைக் கையோடு எடுத்துப்போய், எழுதியிருப்பதும் காதில் விழுவதும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்தார். வாத்தியக் கலைஞர்களைப் பிடித்து, இந்தச் சுரம் இந்தக் குழலில் வருமா, எவ்வளவு வேகத்தில் வரும், எங்கே மூச்சு முட்டும் என்று கேட்டார்.

1827இல் பாரிஸுக்கு வந்த ஆங்கில நாடகக் குழுவொன்றில் ஹரியட் ஸ்மித்சன் என்ற அயர்லாந்து நடிகையைப் பார்த்தார். ஷேக்ஸ்பியரின் ஒபிலியாவாக அவர் நடித்தார். பெர்லியோஸுக்கு அப்போது ஆங்கிலம் புரியாது. ஆனாலும் பித்துப் பிடித்தவர்போலக் கடிதங்கள் எழுதினார். நடிகை பதில் எழுதவில்லை. இதை மாபெரும் காதல் என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறது. விருப்பமில்லாத ஒரு பெண்ணை விடாமல் துரத்தியது என்றுதான் நான் எழுதுவேன். அந்தப் பித்திலிருந்துதான் 'சிம்பொனி பண்டாஸ்டிக்' பிறந்தது. 1830 டிசெம்பர் 5ஆம் திகதி பாரிஸில் அரங்கேறியபோது அவருக்கு 26 வயது.

காதலில் தோற்ற இளைஞன் அபின் சாப்பிட்டுக் காணும் கனவுதான் கதை. காதலிக்கு ஒரு மெட்டு. ஐந்து பகுதிகளிலும் அது உருமாறி வருகிறது. மூன்றாம் பகுதியில் இங்கிலிஷ் ஹோர்ன் எனும் குழல் மேடையிலிருந்து ஒரு இடையனைப்போல அழைக்கிறது. மேடைக்கு வெளியே மறைந்திருக்கும் ஓபோ பதில் சொல்கிறது. பகுதியின் முடிவில் மீண்டும் அழைக்கும்போது ஓபோ பதில் சொல்வதில்லை. நான்கு பேர் டிம்பனி முரசுகளில் தூரத்து இடிமுழக்கத்தை மெதுவாக உருட்டுகிறார்கள். முரசு அதுவரை பெரும்பாலும் தாளத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும்தான். எந்தக் குச்சியால் அடிப்பது, மரத் தலையா பஞ்சுபோன்ற ஸ்பொஞ்ச் தலையா என்றுகூட அவர் எழுதிவைத்தார்.

கடைசிப் பகுதியில் காதலி சூனியக்காரியாக வருகிறாள். அதே மெட்டைக் கீச்சிடும் சிறிய கிளாரினெட் ஒன்று கேலியாக ஆட்டிப் பாடுகிறது. மணிகள் ஒலிக்க, இறந்தோருக்கான பழைய கத்தோலிக்கப் பாடல் அடித்தொண்டையில் எழுகிறது. வயலின் கலைஞர்கள் வில்லைத் திருப்பி அதன் மரப்பக்கத்தால் தந்திகளைத் தட்டுகிறார்கள். எலும்புகள் உரசுவதுபோல இருக்கும். யூடியூபில் கேட்பவர்கள் தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் இதில் பாதி காணாமல் போய்விடும்.

ஷூமன் 1835இல் இந்தச் சிம்பொனிக்கு நீண்ட விமர்சனம் எழுதியபோது அவர் கையில் இருந்தது லிஸ்ட் செய்த பியானோ வடிவம் மட்டும்தான். பியானோ தெரியாதவரின் இசையைப் பியானோவில் வைத்துப் பார்த்தும் அதன் தரத்தை அவர் ஒப்புக்கொண்டார்.

ஹரியட்டை 1833இல் அவர் மணந்தார். மகன் லூயி பிறந்தான். திருமணம் நிலைக்கவில்லை.

1837இல் அரசாங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் இறந்தோருக்கான பூசை இசையை எழுதினார். கடைசியில் அது ஒலித்தது அல்ஜீரியாவின் கொன்ஸ்தாந்தீன் நகரைப் பிடிக்கும் போரில் இறந்த பிரெஞ்சுத் தளபதிக்காக. அந்த நகரின் மக்களுக்காக யாரும் பூசை இசை எழுதவில்லை. இடம், பாரிஸின் இன்வலிட் தேவாலயம். இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளம் வரும் இடத்தில் வாத்தியக்குழுவின் நான்கு மூலைகளிலும் பித்தளை வாத்தியங்களை நிறுத்தினார். எட்டுச் சோடி டிம்பனிகளைப் பத்துப் பேர் அடித்தார்கள். எங்கிருந்து ஒலி வருகிறது என்பதையும் இசையின் பகுதியாக அவர் எண்ணினார். அதே படைப்பில் இன்னோரிடத்தில் மூன்று புல்லாங்குழல்கள் மிக உயரத்திலும் ட்ரொம்போன்கள் மிக ஆழத்திலும் ஒலிக்க, நடுவில் ஒன்றுமே இல்லை. அவருடைய பெயர் சத்தத்துக்குத்தான் அடிபட்டது; கேலிச்சித்திரக்காரர்கள் அவருடைய வாத்தியக்குழுவில் பீரங்கியை வரைந்தார்கள். எனக்கு அந்த வெற்றிடம்தான் பெரிய விடயமாகத் தெரிகிறது.

இந்தப் பெரிய குழுக்களுக்கெல்லாம் காசு? பெரும்பாலும் அவரே மண்டபம் எடுத்து, கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பிரதியெடுப்பவர்களுக்கும் கொடுத்தார். 1838இல் பகனினி தந்த 20,000 பிராங்க் போன்ற அதிசயங்கள் ஒருமுறைதான் நடக்கும். 1846இல் 'பவுஸ்ட்டின் சாபம்' பாதி காலியான மண்டபத்தில் விழுந்து அவரைக் கடனாளியாக்கியது. வயிற்றுப்பாட்டுக்கு 'ஜூர்னல் தே தெபா' பத்திரிகையில் ஏறத்தாழ முப்பது வருடங்கள் இசை விமர்சனம் எழுதினார். நன்றாகவே எழுதினார், ஆனால், ஒவ்வொரு கட்டுரையையும் வெறுத்தார்.

கட்டுரைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி எழுதுகிற என்னால் ஒரு சம்பவத்தை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அதை அவரே தன் நினைவுக்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். ஹரியட் நோயில் கிடந்த காலம். ஓரிரவு கனவில் ஒரு முழுச் சிம்பொனி கேட்டது. எழுந்தபோது முதல் பகுதி ஏறக்குறைய முழுவதும் நினைவில் இருந்தது. எழுத மேசைக்குப் போனவர் கணக்குப் பார்த்தார். எழுதத் தொடங்கினால் முடிக்காமல் விடமுடியாது, மூன்று நான்கு மாதம் ஓடும், கட்டுரை இல்லை, வருமானம் இல்லை. முடித்தால் அரங்கேற்ற ஆசை வரும், பிரதிச் செலவு வரும், கடன் வரும். மனைவியின் மருந்துக்கும் மகனுக்கும் பணம் இருக்காது. பேனாவை வைத்துவிட்டார். அடுத்த இரவும் அதே சிம்பொனி வந்தது. அன்றும் எழுதவில்லை. காலையில் அது மறந்துபோயிருந்தது. ஹரியட் 1854இல் இறந்தார்.

வாத்திய அமைப்பு பற்றிய அவரது நூலும் முதலில் பத்திரிகைத் தொடராகத்தான் வந்தது, நூலாக 1843இல். ஒவ்வொரு வாத்தியத்தின் எல்லையையும், அதன் குரல் எதற்குப் பொருந்தும் என்பதையும், க்ளுக், பீத்தோவன் போன்றோரின் படைப்புகளிலிருந்து எடுத்த உதாரணங்களுடன் சொல்கிறது. கடைசியில் 467 வாத்தியக்காரர்கள் கொண்ட ஒரு கற்பனைக் குழுவையே அமைத்துக் காட்டுகிறார். றிம்ஸ்கி கோர்சகோவ் இந்த நூலைப் படித்தே வாத்தியங்களைக் கற்றார். அவரிடம் ஸ்ட்ராவின்ஸ்கி கற்றார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1905இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டார். 1980இல் ஸ்டான்லி குப்ரிக்கின் 'த ஷைனிங்' படம் தொடங்கும்போது மலைப்பாதையில் ஊரும் காரின்மீது கேட்பது, பண்டாஸ்டிக்கின் அந்த இறந்தோர் பாடலின் சிந்தசைசர் வடிவம்.

அவருடைய மிகப்பெரிய ஒபேரா 'ட்ரோய் மக்கள்'. 1863இல் அதன் பிற்பாதி மட்டும் பாரிஸில் மேடையேறியது, அதுவும் வெட்டுக்கொத்துகளுடன். அந்த வருமானத்தில்தான் விமர்சகர் வேலையை விட்டார். 1867இல் மாலுமியாக இருந்த மகன் லூயி ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தான். அந்தக் குளிர்காலத்தில் நோயுடன் ரஷ்யாவுக்குப் போய் இசை நடத்தித் திரும்பினார். 1869 மார்ச் 8ஆம் திகதி பாரிஸில் இறந்தார். 'ட்ரோய் மக்கள்' இரு பாதிகளும் சேர்ந்து மேடையேறியது 1890இல், ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில், ஜேர்மன் மொழியில். முழு இசைச்சுவடியும் முறையாக அச்சாக 1969 ஆனது.