முதலில் வாசிப்பு, பிறகு ஜெபம்: ஜார்ஜ் முல்லர் கற்றுக்கொண்ட பாடம்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக ஐந்து பெரிய இல்லங்களைக் கட்டியவர் ஜார்ஜ் முல்லர். யாரிடமும் கை நீட்டாமல், கடன் வாங்காமல், ஜெபத்தை நம்பியே அவற்றை அவர் நடத்தினார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பல தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு இது.

ஆனால், அந்த நம்பிக்கை அவருக்கு எப்படி வந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. இளமையில் அவர் திருடினார், சிறைக்கும் போனார். மனம் திரும்பிய பிறகும் சில ஆண்டுகள் வேதாகமத்தைவிட மற்ற நூல்களையே விரும்பிப் படித்தார். ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுவதும் அவருக்கு நேர்ந்தது. அன்றாட வேத வாசிப்பும் வாய்விட்டுச் சொன்ன ஜெபமும் சிறுகச் சிறுக அவரை மாற்றின.

புத்தகம் முந்நூறு, வேதாகமம் இல்லை

முல்லர் 1805 செப்டம்பர் 27 அன்று பிரஷ்யாவில், அதாவது இன்றைய ஜெர்மனியில், குரோப்பன்ஸ்டெட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்கத்துக்கு வரி வசூலித்துக் கொடுப்பவர். வீட்டில் வைத்திருந்த வசூல் பணம் அவ்வப்போது குறைந்துகொண்டே வந்தது. சந்தேகப்பட்ட தந்தை, ஒருநாள் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மகனை அந்த அறையில் தனியாக விட்டார். சிறுவன் கொஞ்சம் பணத்தை எடுத்துக் காலணிக்குள் பாதத்துக்கு அடியில் மறைத்தான். தந்தை திரும்ப எண்ணிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அப்போது அவனுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

பதினான்கு வயதில் தாயை இழந்தார். தாய் உயிர் பிரிந்த இரவில், அவர் நோயுற்றிருந்ததே தெரியாமல், முல்லர் அதிகாலை இரண்டு மணிவரை சீட்டாடிக்கொண்டிருந்தார். பதினாறு வயதில் விடுதிகளில் தங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்த்துப் பிடிபட்டார். 1821 டிசம்பர் முதல் மறு ஆண்டு ஜனவரி வரை மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். தந்தை பணம் கட்டிய பிறகே விடுதலை கிடைத்தது.

இப்படிப்பட்ட மகனைத் தந்தை போதகர் படிப்புக்கு அனுப்பினார். போதகர் வேலையில் வசதியான வாழ்க்கை அமையும் என்பது தந்தையின் கணக்கு. முல்லர் அதிகாலையில் எழுந்து லத்தீனும் கிரேக்கமும் படித்தார். அவரிடம் சுமார் 300 புத்தகங்கள் சேர்ந்தன. அவற்றில் வேதாகமம் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை மாலைக் கூட்டம்

1825இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் அவரை வாக்னர் என்ற வணிகரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சிலர் கூடிப் பாடி, வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்து, ஜெபிக்கும் எளிய கூட்டம் அது.

கூட்டத்தின் தொடக்கத்தில் கைசர் என்பவர் முழங்காலிட்டு ஜெபித்தார். பின்னாளில் ஆப்பிரிக்காவுக்கு ஊழியராகச் சென்றவர் அவர். ஒருவர் முழங்காலிட்டு ஜெபிப்பதை முல்லர் அதுவரை பார்த்ததில்லை. தாமும் அப்படிச் செய்ததில்லை. அடுத்து ஓர் அதிகாரத்தை வாசித்தார்கள். போதகர் இல்லாத இடத்தில் வேதத்துக்கு விளக்கம் சொல்ல அந்நாளைய பிரஷ்யச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் அச்சிட்ட பிரசங்கம் ஒன்றைப் படித்தார்கள். இறுதியில் வீட்டுக்காரர் வாக்னர் ஜெபித்தார்.

வாக்னர் பெரிய படிப்பு படித்தவர் அல்லர். அவர் தம் சொந்த வார்த்தைகளில் இறைவனிடம் பேசுவதைக் கேட்டபோது முல்லருக்கு ஓர் உண்மை உறைத்தது. பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கும் தமக்கு இந்த மனிதரைப் போல ஜெபிக்க வராது என்பதே அது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த சனிக்கிழமை வரும்வரை பொறுக்க முடியாமல் அந்த வாரத்திலேயே பலமுறை அந்த வீட்டுக்குப் போனார். அவர் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான்.

ஹாலே நகரம் தமிழர்களுக்கும் அந்நியமானதன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அந்நகரில் படித்தவர். ஹாலேயில் பிராங்கே என்ற போதகர் தொடங்கிய ஆதரவற்றோர் இல்லம் புகழ்பெற்றது. ஏழை மாணவர்களுக்கு அங்கு இலவசமாகத் தங்க இடம் கொடுத்தார்கள். முல்லரும் அங்கே இரண்டு மாதம் தங்கினார். பின்னாளில் அந்த இல்லமே அவருக்கு முன்மாதிரியானது.

கதவைச் சாத்திக்கொண்டு

மனம் திரும்பிய முதல் நான்கு ஆண்டுகள் முல்லர் துண்டுப் பிரசுரங்கள், பிரசங்கங்கள், பெரியவர்களின் வரலாறுகள் ஆகியவற்றையே அதிகம் படித்தார். வேதாகமம் புரியவில்லை என்பது அவருக்கு ஒரு சாக்கு. புரியாததே இன்னும் அதிகம் வாசிப்பதற்குக் காரணம் என்பதைப் பிறகுதான் உணர்ந்தார்.

1829இல் ஊழியப் பயிற்சிக்காக லண்டனுக்கு வந்தவர், அங்கு நோயில் விழுந்தார். உடல் தேற டின்மவுத் என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கே ஹென்றி கிரெய்க் என்ற போதகரின் நட்பு கிடைத்தது. வேதத்தை வேதத்தைக் கொண்டே படிக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்த நாள்களில் உறுதிப்பட்டது. விளக்க நூல்களை ஓரமாக வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வேதாகமத்தை மட்டும் வைத்து ஜெபத்தோடு வாசித்தார். முதல் மாலையின் சில மணி நேரத்தில் கற்றது, அதற்கு முந்தைய பல மாதங்களில் கற்றதைவிட அதிகம் என்று உணர்ந்தார்.

1830இல் டின்மவுத்தில் போதகரானார். அதே ஆண்டு அக்டோபரில் மேரி குரோவ்ஸ் என்ற பெண்ணை மணந்தார். தேவாலயத்தில் இருக்கைக்கு வாடகை வாங்கி அதிலிருந்து போதகருக்குச் சம்பளம் கொடுப்பது அப்போதைய வழக்கம். வசதியுள்ளவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு மோசமான இருக்கை என்ற அந்த ஏற்பாடு வேதத்துக்குப் பொருந்தவில்லை என்று கண்ட முல்லர், சம்பளமே வேண்டாம் என்றார். மேரியும் அதற்குச் சம்மதித்தார்.

மேரியின் அண்ணன் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து ஊழியம் செய்தார். அவரோடு பழகிய திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். முல்லர் குடும்பம் சென்ற வழி இவ்வாறு தமிழ் மண்ணையும் எட்டியது.

கேட்க மறந்த ஒன்று

1832இல் முல்லரும் கிரெய்க்கும் பிரிஸ்டல் நகருக்கு மாறினர். 1834இல் பள்ளிகள் நடத்தவும் வேதாகமங்களை வழங்கவும் ஊழியர்களுக்கு உதவவும் ஓர் அமைப்பைத் தொடங்கினர்.

பிரிஸ்டல் தெருக்களில் தாய் தந்தையற்ற பிள்ளைகள் பலர் திரிந்தனர். அவர்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் முல்லருக்கு ஏற்கெனவே இருந்தது. 1835 டிசம்பரில் ஒரு மாலை, வேதாகமத்தை வாசித்துக்கொண்டு வந்தபோது 81ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனம் கண்ணில் பட்டது. இறைவனிடம் தாராளமாகக் கேட்கலாம் என்ற பொருள் அதில் அவருக்குக் கிடைத்தது. உடனே முழங்காலிட்டு ஒரு வீடும், ஆயிரம் பவுண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த ஆள்களும் வேண்டும் என்று கேட்டார். வாசித்த வசனமே ஜெபமாக மாறியது.

வீடு கிடைத்தது, ஆள்கள் வந்தார்கள், பொருள்களும் சேர்ந்தன. 1836 பிப்ரவரியில் பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்கும் நாள் வந்தது. முல்லர் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவருக்கு விளங்கியது. எல்லாவற்றையும் கேட்டவர், பிள்ளைகள் வர வேண்டும் என்று மட்டும் கேட்கவே இல்லை. அன்று மாலை தரையில் விழுந்து அதையும் கேட்டார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரல் மாதம் வில்சன் தெருவில் முதல் இல்லம் திறக்கப்பட்டது.

அடுத்த வீட்டில் இருந்த பணம்

தேவையை வெளியாருக்குச் சொல்லக் கூடாது, கடன் வாங்கக் கூடாது என்பவை இல்லத்தின் விதிகள். அந்த விதிகளின் சுமை 1838இல் தெரிந்தது. செப்டம்பரில் கையிருப்பு வற்றியது. முல்லர் பணியாளர்களை அழைத்து உண்மை நிலையைச் சொன்னார். எல்லாரும் கூடி வாய்விட்டு ஜெபித்தார்கள். அன்றாடச் சாப்பாட்டுக்கே அவர்கள் இப்படி ஜெபிக்க வேண்டியிருந்த நாள்கள் பல.

அந்நாள்களில் ஒருமுறை, லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி தம் மகள் கொடுத்தனுப்பிய காணிக்கையைக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் பல நாள்களாகவே ஆண் பிள்ளைகளின் இல்லத்தை ஒட்டிய வீட்டில் தங்கியிருந்தார். இங்கே காசில்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பணம் இருந்திருக்கிறது. தாமதமானதால் பதில் இல்லை என்று எண்ணக் கூடாது என்பதை முல்லர் அதில் கற்றார்.

1841: வரிசை மாறியது

முல்லரின் வாழ்க்கையில் முக்கியமான மாற்றம் 1841 வசந்த காலத்தில் நெயில்ஸ்வர்த் என்ற ஊரில் தங்கியிருந்தபோது நடந்தது. அதற்கு முன் குறைந்தது பத்து ஆண்டுகளாக, காலையில் எழுந்ததும் ஜெபத்தில் அமர்வது அவர் வழக்கம். ஆனால், மனம் நிலைக்காது. கால் மணி நேரம், அரை மணி நேரம் அலைந்த பிறகே ஜெபம் உண்மையில் தொடங்கும்.

இப்போது அவர் வரிசையை மாற்றினார். முதலில் வேதாகமத்தைத் திறப்பார். சில வார்த்தைகளில் ஆசி கேட்டுவிட்டு, வசனம் வசனமாக வாசித்து யோசிப்பார். பிறருக்குப் பிரசங்கிக்க விஷயம் தேடுவது நோக்கம் அன்று. தம் உள்ளத்துக்கு உணவு தேடுவதுதான். ஒரு வசனம் குற்றத்தை உணர்த்தினால் அதை அறிக்கையிடுவார். ஒரு வசனம் நன்றியைத் தூண்டினால் நன்றி சொல்வார். ஒருவரின் நினைவு வந்தால் அவருக்காக வேண்டுவார். பிறகு அடுத்த வசனம். இப்படி வாசிப்பிலிருந்தே ஜெபம் பிறந்ததால், மனம் அலைவது பெரிதும் குறைந்தது.

பெரிய எழுத்தில் அச்சான புதிய ஏற்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை உணவுக்கு முன் வயல்வெளியில் நடந்தபடியே இதைச் செய்தார். வேலைக்குப் போகுமுன் உடலுக்கு உணவு கொடுப்பதைப் போல, அன்றாடப் பொறுப்புகளுக்குள் இறங்குமுன் உள்ளத்துக்கும் உணவு வேண்டும் என்பது அவர் முடிவு. வேதாகமத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டாமல், தொடர்ச்சியாக வாசிக்கும்படி மற்றவர்களுக்கும் அறிவுரை சொன்னார். தம் வாழ்நாளில் அவர் முழு வேதாகமத்தையும் நூறு முறைக்கும் மேல் வாசித்து முடித்தார்.

தனி ஜெபத்தோடு குடும்ப ஜெபமும் இருந்தது. காலையிலும் மாலையிலும் அவரும் மேரியும் சேர்ந்து ஜெபிப்பார்கள். கணக்கு, பிள்ளைகளின் நோய், வேலைக்கு ஆள் இல்லாத குறை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

கேட்டதெல்லாம் கிடைத்ததா?

வில்சன் தெருவில் பிள்ளைகளின் கூச்சல் தொந்தரவாக இருப்பதாக 1845இல் அக்கம்பக்கத்தில் குறை எழுந்தது. அதில் நியாயம் உண்டு என்று ஏற்றுக்கொண்ட முல்லர், ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் நிலம் வாங்கினார். 1849இல் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் திறக்கப்பட்டது. 1870க்குள் ஐந்து கட்டடங்கள் எழுந்தன. 2,000 பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அங்கே தங்க இடம் இருந்தது. முல்லரின் காலத்தில் அந்த இல்லங்களில் வளர்ந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் அதிகம்.

இருந்தும், கேட்டதெல்லாம் கேட்டபடி நடந்த வாழ்க்கை அன்று அவருடையது. மகன் எலியா 1835இல் குழந்தையாகவே இறந்தான். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் துணையாக இருந்த மேரி 1870இல் காலமானார். அவரது இறுதிச் சடங்கில் முல்லரே நின்று பேசினார்.

1844இல் ஐந்து பேரின் மனமாற்றத்துக்காகத் தினமும் ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் மாற ஒன்றரை ஆண்டு ஆனது. இரண்டாமவருக்கு மேலும் ஐந்து ஆண்டுகள், மூன்றாமவருக்கு அதற்குப் பின் ஆறு ஆண்டுகள் பிடித்தன. 36 ஆண்டுகள் கழிந்த பிறகும் மற்ற இருவர் மாறவில்லை. ஆயினும் அவர்களுக்காக ஜெபிப்பதை அவர் நிறுத்தவில்லை.

மலாக்கா நீரிணை வரை

எழுபதாவது வயதை நெருங்கும்போது, பலர் ஓய்வு தேடும் காலத்தில், 1875இல் முல்லர் உலகப் பயணம் தொடங்கினார். அடுத்த 17 ஆண்டுகளில் 42 நாடுகளில் பிரசங்கித்தார். 1883இல் தொடங்கிய பயணம் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1885 முதல் 1887 வரையிலான பயணத்தில் ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான் ஆகியவற்றோடு நமது மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் வந்து சென்றார்.

அவர் கை வழியாகச் சென்ற நன்கொடை ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. அவர் அமைப்பு வழங்கிய வேதாகமங்கள் மட்டும் 280,000க்கு மேல். அவர் இறந்தபோது சொந்தமாக விட்டுச் சென்ற பொருள்களின் மதிப்போ, வீட்டுச் சாமான்களையும் சேர்த்து 160 பவுண்டு அளவுதான்.

1898 மார்ச் 9, புதன்கிழமை மாலை, 92 வயதான முல்லர் ஆஷ்லி டவுன் மூன்றாம் இல்லத்தில் வழக்கமான ஜெபக் கூட்டத்தை நடத்தினார். மறுநாள் காலை தேநீர் கொண்டுபோன பணியாள், அவர் கட்டிலருகே உயிரற்றுக் கிடப்பதைக் கண்டார். 1825இல் ஒரு வணிகரின் வீட்டில், படிக்காத மனிதர் ஒருவரிடம் ஜெபிக்கக் கற்றவர், தம் கடைசி மாலையையும் அப்படி ஒரு சிறு கூட்டத்தோடு ஜெபிப்பதிலேயே கழித்திருந்தார்.