விண்மீன் ஒளியைப் படித்த வைணு பாப்பு

மலருக்கு ஒரு அறிஞரின் வாழ்க்கை எழுதித் தரச் சொல்லி பேரவைச் செயலாளர் கேட்டபோது, ராமானுஜத்தையும் சர் சி.வி. ராமனையும் சீனியர்கள் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் வைணு பாப்பு என்றேன். வகுப்பே சிரித்தது. பாப்பாரப்பட்டிக்காரன் பாப்புவைப் பற்றி எழுதுகிறானாம்! சிரித்தவர்கள் கவனிக்கவும்: அவர் உண்டாக்கிய வானாய்வகம் நம்ம பக்கத்து மாவட்டத்தில்தான், ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது.

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தவர். பூர்வீகம் கேரளம். அப்பாவுக்கு ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு உளி கைப்பழக்கம் ஆவதுபோல இந்தப் பிள்ளைக்குத் தொலைநோக்கி. நிஜாம் கல்லூரியில் படித்த காலத்திலேயே ஒளிமாறும் விண்மீன்களைக் கவனித்து, 1946-ல் கட்டுரை வெளியிட்டுவிட்டார். அப்போது வயது பத்தொன்பது, நம்மைவிட ஒன்றோ இரண்டோ கூட. ஒளிமாறும் விண்மீன் என்றால் பிரகாசம் கூடிக் குறைகிற நட்சத்திரம். பக்கத்தில் இருக்கும் மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று இரவுதோறும் குறித்துவைக்க வேண்டும். காசு செலவில்லை, தூக்கம்தான் செலவு.

ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். போன சில மாதங்களிலேயே, ஜூலை 2 இரவு, பயிற்சிக்காகப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் ஒரு வால்நட்சத்திரம் அகப்பட்டது. ஆசிரியர் பார்ட் போக், உடன் படித்த நியூகிர்க் இருவரும் சேர்ந்து உறுதி செய்ததால் அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பசிபிக் வானியல் சங்கத்தின் டோனோஹோ பதக்கமும் கிடைத்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. தகட்டில் லட்சம் புள்ளிகள் இருக்கும்போது ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறது என்று தெரிவதற்குப் பல வருடம் வானம் பார்த்த கண் வேணும். அது அதிர்ஷ்டத்தில் வராது.

1952-ல் டாக்டர் பட்டம். பிறகு கார்னகி உதவியுடன் பாலமோர் மலையில், அன்று உலகிலேயே பெரிதான 200 அங்குலத் தொலைநோக்கி இருந்த இடத்தில் வேலை. அங்கேதான் ஓலின் வில்சன் என்பவரோடு சேர்ந்து, இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கும் வேலையைச் செய்தார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கட்டுரையே இதற்காகத்தான்.

சூரிய ஒளியைப் பட்டகத்தில் விட்டால் ஏழு நிறம் வரும் என்று ஸ்கூலிலேயே படித்தோம். கருவி நல்லதாக இருந்தால் அந்த நிறப்பட்டையின் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள இடங்களில் கோடு போடும். இரும்புக்கு ஒரு வரிசை, சோடியத்துக்கு ஒரு வரிசை. ஒரு பழைய சி.டி.யையும் அட்டைப் பெட்டியையும் வைத்து நானே ஒரு கருவி செய்தேன். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. வெள்ளைச் சுவரில் பட்டு வந்த வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். மெல்லிசாக இரண்டு மூன்று கோடு தெரிந்தது. எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூரியனில் என்ன இருக்கிறது என்று இந்தக் கோடு சொல்லும் என்றதும், கிட்டப் போகாமல் எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்; அம்மாவுக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அந்தக் கோடுகளில் ஊதா ஓரத்தில், 3934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், கால்சியம் போடுகிற ஒன்றுக்கு கே கோடு என்று பெயர். நம் சூரியனைப் போலவும் அதைவிடக் குளிர்ந்தும் உள்ள பல நட்சத்திரங்களில் இந்தக் கறுப்புக் கோட்டின் நடுவே மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று இருக்கும். அதன் அகலத்தை வில்சனும் பாப்புவும் அளந்தார்கள். நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் கூடக் கூட அகலமும் கூடியது. 1957-ல் இது வெளியானது; பெயர் வில்சன்-பாப்பு விளைவு.

இதனால் என்ன லாபம்? ராத்திரி பென்னாகரம் ரோட்டில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் ஜீரோ வாட்ஸ் பல்பா, தொலைவில் இருக்கும் பெரிய விளக்கா? பார்த்தால் தெரியாது. ஆனால் எத்தனை வாட்ஸ் என்று யாராவது சொல்லிவிட்டால் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம், ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். அந்தக் கோட்டின் அகலம்தான் நட்சத்திரத்தின் மேல் அச்சடித்த வாட்ஸ்.

இப்படிப்பட்டவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1953-ல் இந்தியா திரும்பினார். மறுவருடம் உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகப் பொறுப்பு. அதை நைனிடாலில் நிலைநிறுத்தினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர். சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் நல்ல இடம். இரவு வானத்துக்கு மேகம் தொந்தரவு. எனவே வேறு இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். உயரம் சுமார் 725 மீட்டர்தான். ஆனால் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1968-ல் நம் ஆட்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே வருடம் வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அதில் பார்த்து, அங்கே மெல்லிய வாயு மண்டலம் இருக்கலாம் என்ற குறிப்பைப் பெற்றார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதும் காவலூர் விழித்திருந்தது. அந்த இரவில்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது.

பாப்புவின் ஆசை இன்னும் பெரிது: 2.34 மீட்டர் கண்ணாடியோடு இந்தியாவிலேயே செய்த தொலைநோக்கி. கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையிலான குழு. தாங்கும் இரும்பு வேலை வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ். மெக்கானிக்கல் நண்பர்களே, நம்ம வெர்னியரின் மீச்சிற்றளவு 0.02 மில்லிமீட்டர். ஃபிட்டிங் வகுப்பில் அதற்கே நமக்கு வேர்க்கிறது. தொலைநோக்கிக் கண்ணாடியில் விடும் பிசகு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1981-ல் பத்மபூஷண். 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் அந்த ஒன்றியத்தின் மாநாடு. தலைமை ஏற்க வேண்டியவர் மியூனிக் நகரில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறவில்லை. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஆகஸ்ட் 19 அன்று காலமானார். வயது 55. பெரிய தொலைநோக்கியில் முதல் ஒளி விழுந்தது 1985 நவம்பரில். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். மூன்று வருடம் பொறுத்திருந்தால் அவரே பார்த்திருப்பார். எனக்கு இதுதான் மனசு ஆறவில்லை.

நான் இந்த மார்கழியில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். திருவாதிரையும் ஒளிமாறும் விண்மீன்தான். மொட்டை மாடியில் நின்று ரோகிணியோடு ஒப்பிட்டு இதுவரை 23 இரவுகள் குறித்தாயிற்று. மேகம் மூடிய இரவுகளுக்கு ஒரு கோடு மட்டும்.